கை மாறிய வண்டி

மனிதர்களுக்குப் பலவிதமான பைத்தியங்கள் உண்டு. தபால்தலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சீட்டாட்டத்தில் நிலத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சைக்கிள் பைத்தியம்.

சைக்கிள் ஓட்டுகிற பைத்தியமாயிருந்தால் அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அவர் ஒரு பழைய சைக்கிளை வாங்குவார். வாங்கியதை அக்கக்காகக் கழற்றுவார். கழற்றியதில் பாதியைத் தள்ளிவிட்டு, வேறு நாலு வண்டிகளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து பூட்டுவார். பூட்டி முடிந்ததும் திருவானைக்காவல் வழியாகக் காவேரிப் பாலம் வரையில் நாலு நாள் ஓட்டிப் பார்ப்பார். ஐந்தாம் நாள் அந்த வண்டியை விற்றுவிடுவார். விற்ற பணம் மடியில் சூடு ஆறுவதற்குள் அடுத்த வண்டி திண்ணையில் வந்து ஏறிவிடும்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீடு அடையவளைந்தான் வீதியில். நாங்களெல்லாம் அவரைப் பிட்டர் அண்ணன் என்றுதான் சொல்வோம். அவருக்கென்று ஒரு சைக்கிள் உண்டா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இன்றைக்கு எது ஏறி மிதிக்கிற நிலையில் இருக்கிறதோ அதுதான் அவர் வண்டி.

"இதிலே என்ன அண்ணே லாபம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு வண்டியிலே நூறு ரூபாய் நிக்கும் தம்பி. அடுத்த வண்டியிலே நூத்தம்பது போயிடும்" என்றார்.

"அப்புறம் எதற்காக?"

"சும்மா கிடந்தது ஓடுதுல்ல?" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

அந்தத் திண்ணையில் ஒரு தடவை என் தகப்பனாரின் சைக்கிளும் ஏறியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சைக்கிளின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் இந்தச் சரித்திரத்தைப் புஸ்தகங்களில் எழுதியிருக்கிற முறையில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு.

புஸ்தகங்கள் சொல்வது இதுதான்: ஜெர்மனியில் டிராய்ஸ் என்பவர் 1817-ல் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, காலால் தரையை உந்திக்கொண்டு ஓடினார். 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன்சக்கரத்துக்குப் பெடல் வந்தது. பிறகு முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பின்சக்கரம் குழந்தைபோலச் சுருங்கி, ஏறியவன் விழுந்தால் பல் போகும் என்ற நிலை ஏற்பட்டது. 1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு, இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் உருவத்தைக் கொண்டுவந்தார். 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் பையனுடைய மூன்று சக்கர வண்டி கல்லில் குதித்துக் குதித்துப் போவதைப் பார்க்கச் சகியாமல், காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். ஆயிற்று, சரித்திரம் முடிந்தது.

இவையெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் இது சைக்கிள் பிறந்த கதை. வாழ்ந்த கதை அல்ல. ஒரு வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு எத்தனை கை மாறியது, எத்தனை தடவை பிரிந்து எத்தனை தடவை கூடியது என்பதை யாரும் எழுதவில்லை. நம்முடைய ஊர்களில் சைக்கிளின் ஜீவிதமெல்லாம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பமாகிறது.

பிட்டர் அண்ணனின் பைத்தியம் சாத்தியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் பர்மிங்ஹாம் நகரத்தில், துப்பாக்கிப் பட்டறையில் பிறந்தது என்றால் வாசகர்கள் நம்பவேண்டும். பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தை நாமெல்லாம் சைக்கிளில் பார்த்திருக்கிறோம். அதன் விரிவு 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. அதாவது கைத்துப்பாக்கிகளும் ரைபிள்களும். 1861-ல் அந்த ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒன்றுகூடி, கையால் ராவிக்கொண்டிருந்த வேலையை யந்திரத்தால் செய்யலாம் என்று ஆரம்பித்த கம்பெனி அது. அதனால்தான் அவர்களுடைய முத்திரையில் மூன்று ரைபிள்கள் சாய்த்து நிறுத்தியிருக்கும்.

யந்திரத்தால் துப்பாக்கி செய்வதில் உள்ள விசேஷம் என்ன? ஒரு துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்டினால் அது அப்படியே பொருந்தவேண்டும். போர்க்களத்தில் சிப்பாய் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார முடியாது அல்லவா? சர்க்காரிடமிருந்து துப்பாக்கி ஆர்டர்கள் வற்றிய காலத்தில், 1880-களில், அந்தக் கம்பெனி சைக்கிள் பக்கம் திரும்பியது. முழு வண்டிகளை மட்டுமல்ல, உதிரிப் பாகங்களையும் ஏராளமாகச் செய்து விற்றார்கள். எந்த ஊரிலாவது ஒரு சின்னக் கடைக்காரன் அவற்றை வாங்கிப் பூட்டித் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆங்கிலேய என்ஜினீயர்கள் கூடிச் சைக்கிள் மரைகளுக்குப் பொதுவான அளவுகளையும் ஏற்படுத்தினார்கள்.

மனிதனைக் கொல்வதற்காகக் கற்ற வித்தை, மனிதன் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போவதற்குப் பயன்பட்டது. சரித்திரத்தில் எப்போதாவதுதான் இப்படி நல்லது நடக்கிறது.

பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று ஆனவுடனே உலகமெங்கும் பிட்டர் அண்ணன்கள் தோன்றிவிட்டார்கள். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் இரண்டு சகோதரர்கள் 1892-ல் ஒரு சைக்கிள் கடை வைத்தார்கள். விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள், பழுது பார்த்தார்கள். 1896 முதல் தாங்களே பூட்டி விற்கவும் ஆரம்பித்தார்கள். கடையில் வந்த லாபத்தை ஒரு விசித்திரமான காரியத்தில் போட்டார்கள். 1903 டிசம்பர் 17-ந் தேதி அந்தக் காரியம் 12 விநாடி நேரம் ஆகாயத்தில் பறந்தது. அதன் விசிறிகளைச் சுழற்றியது செயினும் பல்சக்கரமும். ஓடுதளத்தில் அதைத் தாங்கிச் சென்ற சிறு வண்டியில் இருந்தவை சைக்கிள் ஹப்புகள். ரைட் சகோதரர்களை விமானத்தின் தந்தையர் என்று சொல்கிறோம். அவர்கள் கையிலிருந்த கிரீஸ் சைக்கிள் கிரீஸ்தான்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயமுத்தூரில், 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். படிப்பைப் பாதியில் விட்ட பையன். கையில் காசு இல்லை. ஹோட்டலில் பரிமாறுகிற வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் அதே வண்டியை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? ஏறி ஊரைச் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். அந்தப் பழைய வண்டிதான் அவருக்குக் கலாசாலை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஒரு பஸ் விட்டதும், அந்த ஒரு பஸ் பெரிய போக்குவரத்துக் கம்பெனியாக வளர்ந்ததும் பிற்பாடு.

சுதந்திரம் வரும் வரையில் நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. ராலே நாட்டிங்ஹாமிலிருந்து வந்தது. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் பர்மிங்ஹாமிலிருந்து வந்தன. 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு அருகில் அம்பத்தூரில் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். 1951-ல் அங்கிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. அதே வருஷம் வடக்கே ஸோனேபட்டில் அட்லஸ் தொடங்கியது. அதையொட்டி ஆஸன்ஸாலில் ஸென்-ராலே வந்தது. இவையெல்லாம் பெரிய முதலாளிகளின் கதை. பிட்டர் அண்ணனுக்கு உறவுமுறை வேண்டுமானால் லூதியானாவுக்குப் போகவேண்டும். முன்ஜால் சகோதரர்கள் நால்வர், இன்று பாகிஸ்தானில் இருக்கும் கமாலியா என்ற ஊரிலிருந்து 1944-ல் அமிர்தசரஸுக்கு வந்து, சைக்கிள் உதிரிப் பாகங்களை விற்றுப் பிழைத்தார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் லூதியானாவில் நிலைத்து, வாங்கி விற்ற சாமான்களைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 1956-ல் முழு வண்டியே செய்தார்கள். அந்த ஹீரோ கம்பெனி 1986-ல் உலகத்திலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று பெயர் வாங்கியது. உதிரிப் பாகம்தான் அங்கே முதலில். முழு வண்டி பிறகுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

தென்னிந்திய ரயில்வே தன் ஒர்க்‌ஷாப்பை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து, 1928-வாக்கில் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் காலையில் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழையவேண்டிய அவசியம் ஏற்பட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் அவர்களைக் கொண்டுசேர்த்தது சைக்கிள்தான். திருச்சியில் சைக்கிள் பெருகியதற்கு உல்லாசம் காரணமல்ல, சங்கு காரணம். சங்கு ஊதி முடிவதற்குள் உள்ளே போகாதவனுக்குச் சம்பளத்தில் பிடித்தம்.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு மரியாதை அதிகம், தொல்லையும் அதிகம். முனிசிபாலிடிக்கு வருஷாவருஷம் வரி கட்டித் தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்டவேண்டும். ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். 'டபுள்ஸ்' போனாலும் அதே தண்டனை. சொந்தமாக வண்டி வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தெருவுக்குத் தெரு வாடகைக் கடை இருந்தது. சிலேட்டில் மணியைக் குறித்துக்கொண்டு, மட்கார்டில் நம்பர் எழுதிய வண்டியைக் கொடுப்பார்கள். எங்கள் தலைமுறைப் பையன்கள் பலர் குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டது அப்படிப்பட்ட வண்டியில்தான். அந்த வண்டிகளும் வயதான பிறகு சாகவில்லை. யாராவது ஒரு பிட்டர் அண்ணனின் திண்ணைக்குப் போயின.

ஒர்க்‌ஷாப் வந்த அதே 1928-ல்தான் திருவானைக்காவலுக்கு வடக்கே கொள்ளிடத்தின் மேல் இரும்புப் பாலமும் வந்தது. எத்தனையோ பால்காரர்களும் காய்கறிக்காரர்களும் அதில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2016-ல் பக்கத்தில் புதுப் பாலம் கட்டினார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து, நடுவில் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. பிட்டர் அண்ணனும் பார்த்தார். "பாலத்துக்கு உதிரிப் பாகம் கிடைக்காதே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

என் தகப்பனாரும் பொன்மலையில்தான் வேலை பார்த்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எதிர்க்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இன்னும் அதிகம். அவருடையது கறுப்பு ஹெர்குலிஸ். தினம் காலையில் காபிக்கு முன்னால், சீட்டுக்கு அடியில் செருகியிருக்கும் துணியை எடுத்து, அதை ஹாண்டில்பாரிலிருந்து பின் மட்கார்டு வரையில் துடைப்பார். எங்கள் முகத்தை அவர் அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்று எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அந்தத் துடைக்கிற நேரத்தில்தான். "பின்னாலேதான் பாரம் ஜாஸ்தி, அதனாலே எட்டுக் கம்பி கூட" என்பார். நான் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன வருஷங்களில் அந்த எட்டுக் கம்பியும் எனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் காலமான பிறகு வண்டி ரேழியில் நின்றது. டயர் வெடித்தது, செயின் துருப்பிடித்தது. வீட்டுக்கு வெள்ளையடித்த சமயம், இடைஞ்சலாக இருக்கிறது என்று நான்தான் பிட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி வாசல்படி இறங்குவதற்கு முன்னால், சீட்டுக்கு அடியிலிருந்த துணியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள்: "அப்பா வண்டி இப்போ யார்கிட்டே இருக்கு?"

எனக்குச் சாதம் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே அடையவளைந்தான் வீதிக்குப் போனேன். என்ன விலையானாலும் திருப்பி வாங்கிவிடுவது என்று தீர்மானம். பிட்டர் அண்ணன் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரையில் பேசாமல் இருந்தார்.

"எதைக் கேக்கறீங்க தம்பி?" என்றார்.

"அப்பாவோட சைக்கிளை."

"பிரேம் திருவானைக்காவல்லே ஒரு பால்காரர்கிட்டே ஓடுது. சக்கரம் ரெண்டும் காலேஜ் பையன் ஒருத்தன் வண்டியிலே. ஹாண்டில்பார் ஒரு பூக்காரம்மா வச்சிருக்கு. போர்க் இதோ" என்று திண்ணை மூலையைக் காட்டினார். "இதிலே எது உங்கப்பா வண்டி?"

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிந்தது. அவர் அந்தப் போர்க்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நம்ம அம்பத்தூர் ஹெர்குலிஸ் இல்லே இது. சீமைச் சாமான். ஒர்க்‌ஷாப்பிலே ஒரு சட்டைக்காரர் டிரைவர், ஆஸ்திரேலியா போறப்ப அவர் வண்டியை நான் வாங்கினேன். உங்கப்பாவுக்குப் புது வண்டி வாங்க அப்போ தோது இல்லே. பிரேம் ஒரு இடத்திலே, சக்கரம் ஒரு இடத்திலேன்னு சேர்த்து, நான்தான் அவருக்குப் பூட்டிக் குடுத்தேன். மாசம் அஞ்சு ரூபாயா அடைச்சார். ஒரு மாசம் தவறலே."

முப்பது வருஷம் நான் என் தகப்பனாரின் சைக்கிள் என்று நினைத்திருந்தது, நாலு பேருடைய சைக்கிள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் அதை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் போனவர்கள்தான். என் தகப்பனார் அதை வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற வழியில் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1974-ல் திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து பிரிந்து உருவான ஜில்லா அது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். குவாரியில் கல் உடைக்கிற பெண்களும் வயல்வேலைப் பெண்களுமாக ஒரு லட்சத்துக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்களுக்குக் குறைவில்லை. கேலியை மிதித்துக்கொண்டு அவர்கள் போனார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோன சமயம், கிடைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பார்க் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். 2000-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளி மாணவிகளுக்கும், பின்னர் மாணவர்களுக்கும் இலவசமாகவே சைக்கிள் கொடுத்தது.

யாருக்காகவோ செய்த வண்டி, யாரோ ஒருத்தியைச் சுமந்துகொண்டு போகிறது. இதில் வண்டிக்கு அவமானம் ஒன்றுமில்லை. நிற்பதுதான் அதற்கு அவமானம். ரேழியில் எட்டு மாதமோ எட்டு வருஷமோ நிறுத்தி வைத்து, அதற்கு ஞாபகச் சின்னம் என்று பெயர் வைத்திருந்தேனானால், என் தகப்பனாரே வந்து கேட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரர், காலேஜ் பையன், பூக்காரி, ஆஸ்திரேலியா போன டிரைவர், மாதம் ஐந்து ரூபாய், ஒன்றையும் விடவில்லை. மாதம் ஐந்து ரூபாய் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டாள்.

"எல்லாம் ஓடுதோ இல்லையோ?" என்று கேட்டாள்.

"போர்க்கைத் தவிர எல்லாம் ஓடுது. அதையும் இன்னும் இரண்டு நாளில் பூட்டிவிடுவாராம்."

உள்ளே போய் அலமாரியைத் திறந்து, அந்தத் துணியை எடுத்து வந்தாள். எண்ணெய்க்கறை காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது.

"இது இங்கே எதுக்கு? அவர்கிட்டேயே குடுத்துடு" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பிட்டர் அண்ணன் அதை விரித்துப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. திண்ணையில் பூட்டி முடித்து நிறுத்தியிருந்த வண்டியை அதால் ஒரு தடவை துடைத்தார். பிறகு நாலாக மடித்துச் சீட்டுக்கு அடியில் செருகினார். அந்தப் போர்க் அதில்தான் மாட்டியிருந்தது. மறுநாள் போனபோது அந்த வண்டி அங்கே இல்லை.